குளத்துக்கும் ட்ராமுக்கும் இருந்த ஒரே ஞாயிறு

பிள்ளைகளே, அந்த மெல்பேர்ன் பயணத்தைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். கவனித்திருப்பீர்கள். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று சொல்வேன். தேத்தண்ணி போடுவதும் உண்மைதான். ஆனால் அதற்காகப் போவதில்லை.

நான் ஓ.எல். வரை படித்தவன். கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. நீங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்கு விளங்கக்கூடியதாக எழுதப் பார்க்கிறேன். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அம்மா தன்னுடைய பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்லுவா, அதையும் கேளுங்கள்.

எல்லாம் ஒரு பானைப் பாலில் தொடங்கியது.

குளிர்காலம் தொடங்கியிருந்தது. என்னோடு கோல்ட் ஸ்டோரில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். படம் எடுக்க வருவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. "உங்கட மகளிட்ட நல்ல கமரா இருக்கெல்லோ, அதைக் கொண்டு வாங்கோ அண்ணை" என்று காலையில் போன் வந்தது. மகள், நீ அப்போது ட்யூஷனுக்குப் போயிருந்தாய். கமரா உன் மேசையில் இருந்தது. ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாம். மகளின் கமராவை அப்பா எடுப்பதற்கு என்ன கேள்வி என்று நினைத்தேன்.

அந்த வீட்டுக் குசினிக்குள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். புது அடுப்பு, புதுப் பானை, ஒரு பக்கத்தில் ஐயர். பால் விளிம்புக்கு ஏறத் தொடங்கிய நேரம் பார்த்துக் கமராத் திரையில் ஏதோ எழுத்து வந்தது. மெமரி கார்ட் நிறைந்துவிட்டதாம். பால் பொங்குவது ஒருமுறைதான். கிழக்குப் பக்கமாக வழிகிறதா, வேறு பக்கமாகவா என்று எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். "எடுங்கோ அண்ணை, எடுங்கோ" என்று வீட்டுக்காரர் முதுகில் தட்டுகிறார். எந்தப் பட்டனை முதலில் அமத்தினேன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. என் கண்ணாடி காருக்குள் கிடந்தது. ஓகே என்று இருந்ததை அமத்தினேன்.

அதற்குப் பிறகு கமரா நன்றாக வேலை செய்தது. பால் வழிந்ததை வரிசையாக எடுத்தேன். ஐயரை எடுத்தேன். சாப்பிட்டவர்களை எடுத்தேன். போக வெளிக்கிட்டவர்களைக் கார்க் கதவடியில் மறித்து எடுத்தேன். அப்படி மனம் நிறைந்து நான் வேறு எதையும் செய்ததில்லை. பின்னேரம் வரை எடுத்தேன்.

அந்தக் கார்டில் உன்னுடைய பதினொரு மாதம் இருந்தது.

தம்பி, உனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்கு இது முழுதாகத் தெரிந்திருக்காது. சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் பிளாட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கண்டல் மரங்கள் நிற்கிற உவர்ச்சேறு இருக்கிறது அல்லவா. அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிய முதல் அங்கே போய், ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் ஏறினபோது, வற்றினபோது, வேரில் கொக்கு நின்றபோது, ஒன்றும் நிற்காதபோது. எச்.எஸ்.சி. என்கிற பள்ளிக் கடைசிச் சோதனையில் சித்திரப் பாடத்துக்கு அவள் கொடுக்க வேண்டிய வேலை அது. லாப்டொப்பில் இடமில்லை, ஒரு டிஸ்க் வேண்டும் என்று இரண்டு முறை என்னிடம் சொன்னாள். பார்ப்பம் என்று நான் இரண்டு முறை சொன்னேன்.

கம்ப்யூட்டர் திருத்துகிற கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அழித்த உடனே நிறுத்தியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம், நீங்கள் மேலே மேலே எடுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்றார். திருப்பிக் கிடைத்தவை சில. அவற்றிலும் மேல்பாதி மரம், கீழ்பாதி சாம்பல் நிறம்.

நீ சத்தம் போடுவாய் என்று நினைத்து நான் ஆயத்தமாக நின்றேன் மகள். நீ கடைக்காரர் தந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு லாப்டொப்பை மூடினாய். "இட்ஸ் ஃபைன், அப்பா." அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நீ சைக்கிளை லிஃப்டுக்குள் ஏற்றுகிற சத்தத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். சத்தம் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. என்னோடு நீ கோபமாக இருந்தாய் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றாய். குளிர்கிறதா என்றால் இல்லை என்றாய். வாடகைக்கு இருக்கிற பிள்ளையோடு கதைப்பது போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. ரீச்சர் சொன்னதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் நீ சித்திரப் பாடத்தை விட்டுவிடப் போகிறாய் என்பது நன்றாகப் பிடிபட்டது. ஒப்படைக்க இன்னும் ஏழு கிழமை இருக்கிறது, புதிதாக ஒரு தொகுதி பலமாகச் செய்தால் பார்க்கலாம் என்றும் சொன்னா. திரும்பி வருகிற ரயிலில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டின பிறகு நீயாகவே வாய் திறந்தாய்.

"ஒரு லேக் இருக்கு அப்பா. மெல்பேர்ன் போற வழியில. ட்ரீஸ் எல்லாம் தண்ணிக்குள்ள செத்துப்போய் நிக்குது. ஒரேயொரு ஃபொக் மோர்னிங் கிடைச்சாலும் காணும்."

மூன்று கிழமைக்குப் பிறகு நீ என்னிடம் சொன்ன நீளமான வசனம் அது. நீ என்ன கேட்டிருந்தாலும் நான் ஓம் என்று சொல்லியிருப்பேன். நிலாவில் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

முல்வாலாக் குளம் என்று வரைபடத்தில் தேடிப் பிடித்தேன். முந்தி ஆற்றை மறித்துக் கட்டியிருக்கிறார்கள். கரையில் நின்ற பெரிய மரங்கள் தண்ணீருக்குள் அகப்பட்டுச் செத்துப் போய்விட்டன, ஆனால் விழவில்லை. இன்னும் நிற்கின்றன. ஹியூம் நெடுஞ்சாலையில் ஆல்பரியைத் தாண்டினால் கொஞ்சத் தூரம் உள்ளுக்கு. சிட்னியிலிருந்து ஏழு மணித்தியாலம்.

மெல்பேர்ன் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பி, நீ வந்து நின்றாய். உனக்கு இரண்டு வருடமாக மெல்பேர்ன் காட்டுகிறேன் என்று சொல்லி இரண்டு முறையும் என்னுடைய வேலையால் தவறிப்போயிருந்தது. ட்ராமில் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் நின்று, கடைசித் தரிப்பு வரை போய், அதே ட்ராமில் திரும்பி வர வேண்டும் என்பது உன் ஆசை. பிறகு கண்ணாடித் தரை உள்ள உயரக் கட்டிடம், பிறகு கிரிக்கெட் மைதானம். ட்ராம் ஓடுகிற பாதைகளின் படத்தைப் பிரதி எடுத்துக் கொண்டு வந்து தந்தாய். மரத்தை மட்டும் பார்க்கத்தான் போகிறோம் என்றால் நீ வரவில்லை, பள்ளித்தோழன் வீட்டில் நிற்கிறாய் என்றும் சொன்னாய். நீ சொன்ன விதத்தில் ஒரு மிரட்டல் இருந்தது. நியாயமான மிரட்டல்.

எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கிடைத்த லீவு வெள்ளி முதல் திங்கள் வரை. உன்னுடைய பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து நான் திட்டம் போட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். கோல்ட் ஸ்டோரில் எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் மற்றதை எடுக்கலாம் என்று பார்ப்பது போலப் பார்த்தேன். அக்காவுக்கு வேண்டியது வெளிச்சம். அதுவும் சூரியன் வரும் முன் அரை மணித்தியாலமும் வந்த பின் ஒரு மணித்தியாலமும். தம்பிக்கு வேண்டிய இடங்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கு முன் திறப்பதில்லை. அப்படியானால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடிக்கவே தேவையில்லை. வெள்ளி விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவது. பின்னேரம் குளம். பக்கத்து மோட்டலில் தங்கி, சனி விடியல் குளம். மத்தியானம் மெல்பேர்ன். சனிப் பின்னேரமும் ஞாயிறு முழுவதும் தம்பிக்கு. ஞாயிறு பொழுதுபட மறுபடி குளத்தடி மோட்டல், திங்கள் விடியல் இன்னொருமுறை, பிறகு வீடு.

கொப்பியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சரியாக வாழ்க்கையில் எனக்கு எதுவும் பொருந்தி வந்ததில்லை. அதை உங்கள் இரண்டு பேருக்கும் காட்டினேன். தம்பி, நீ அதில் ட்ராம் படத்தை ஒட்டினாய். மகள், நீ சனி விடியலைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டாய். நான் அந்த வட்டத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

நான் மறந்தது சாப்பாட்டை.

மெல்பேர்னின் புறநகர் கிரெய்கிபர்னில் இருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா போன் பண்ணி, ஒரு இரவு தங்குவோம் என்று மட்டும்தான் சொன்னா. அம்மாவின் சொந்த அக்கா, நாலு வருடமாக முகம் பார்க்கவில்லை, சொல்லாமல் போக முடியுமா. பெரியம்மா உடனே வெள்ளி இரவுக்கு அங்குள்ள சொந்தக்காரர் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டா. பெரியப்பாவுக்கு வேலை இல்லாத இரவு அதுதானாம். குளத்தடியில் தங்குவதாகச் சொன்னேன். பெரியம்மா போனில் சிரித்தா.

"குளமோ பாக்க வாறியள்? இஞ்ச எங்கட வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு குளம் வெட்டி விட்டிருக்கிறாங்கள். தாராக் கூட்டமும் நீந்துது. ஆசை தீரப் படம் எடுக்கட்டும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஓமில் முதல் விடியல் போனது. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பெரியப்பாவின் தங்கச்சி வீட்டுக்குப் போகாமல் விட்டால் அது பெரியம்மாவுக்குத்தான் கதையாகும் என்று சனி மத்தியானம் அங்கே போனது. சனி இரவு என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் வீடு. அவனிடம் போகச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போன் எடுத்து, மெல்பேர்ன் வாறம் என்று சொன்னேன். சொன்னவுடன் அவன் ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவிட்டான். ஞாயிறு பொழுதுபட வெளிக்கிடுவதைப் பெரியம்மா மறித்தா. கடைசி இரவும் சாப்பிடாமல் அனுப்புவதா, திங்கள் விடிய முதல் போங்கள் என்றா.

ஒவ்வொரு முறையும் நான் கொப்பியில் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் வேறு நேரத்தை எழுதினேன். அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், நீர் ஏன் உம்முடைய அக்காவுக்குச் சொன்னீர் என்று.

"நானோ? இஞ்சேருங்கோ, நான் ஒரு வீட்டுக்குத்தான் சொன்னனான். போன் எடுத்தவை எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு சொன்னது நீங்கள்."

உண்மைதான். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. சாப்பிட வா என்று கூப்பிடுகிறவனுக்கு இல்லை என்று சொல்வது அவன் முகத்தில் அடிப்பது போல எனக்கு. அடிக்கக் கூடாத முகங்களை எல்லாம் காப்பாற்றிக்கொண்டு வந்து, கடைசியில் மிஞ்சியது என்னவென்று பார்த்தால், ஞாயிறு பகல் தம்பிக்கு, திங்கள் விடியல் அக்காவுக்கு. ஒன்றுக்கு ஒன்று. இப்போதும் சமன்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மகள், உன் வட்டத்தின் மேல் கோடு விழுந்திருந்ததை நீ பார்த்தாய். "இட்ஸ் ஃபைன்" என்றாய்.

வெள்ளி விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டிய நாங்கள் பதினொரு மணிக்குத்தான் வெளிக்கிட்டோம். பெரியம்மா வீட்டுக்குக் கொண்டு போக அம்மா தட்டைவடை சுட்டுக்கொண்டிருந்தா. ஆல்பரியைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. முல்வாலாவுக்குத் திரும்புகிற பலகை வந்தது. நான் வண்டிக் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன் மகள். பலகை பின்னால் போகப் போக உன் தலையும் அதோடு திரும்பிக்கொண்டு போனது. அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் கிரெய்கிபர்னில் முப்பது பேர் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள் என்று ஓட்டினேன்.

சனிக்கிழமை பெரியப்பாவின் தங்கச்சி வீட்டுக் கராஜுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி போனில் காலநிலையைப் பார்த்தேன். ஞாயிறு காலை குளத்துப் பக்கம் பனிமூட்டம். திங்கள் மழை, கடும் காற்று. காற்றடித்தால் தண்ணீரில் மரத்தின் நிழல் விழாது என்று மகள், நீ எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தாய். திரும்பத் திரும்பப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டும் பார்த்தேன். வாழையிலையில் சோறு போட்டுக்கொண்டு நின்றவர், என்ன அண்ணை, ஊரில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நீ வெளியே தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீயும் பார்த்துவிட்டாய் என்று எனக்கு விளங்கியது. என்னிடம் வந்து கேட்கவில்லை. ஞாயிறு தம்பியுடையது என்று உனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தால் நான் இவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

மறுபடி கொப்பியை எடுத்தேன். ஞாயிறு நாலரைக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்குக் குளம். எட்டரைக்குத் திரும்பினால் பதினொன்றுக்குக் கிரெய்கிபர்ன். அதற்குப் பிறகு தம்பியோடு ரயிலேறினால் அரை நாளுக்கு மேல் இருக்கிறது. பென்சிலால் எழுதினால் எதுவும் சரியாகத்தான் வருகிறது. அன்றிரவு நீ பல் தேய்த்துக்கொண்டு நிற்கையில் வந்து சொன்னேன் தம்பி. நீ வாயில் நுரையோடு என்னைப் பார்த்தாய்.

"ப்ரொமிஸ்?"

"பன்னிரண்டுக்கு முதல் இஞ்ச நிப்பன். ப்ரொமிஸ்."

விடிய முதல் நானும் மகளும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மா வீட்டை விட்டு வெளியே வந்தோம். எங்களுக்காகப் புட்டுக்கு மா குழைக்கப் பெரியம்மா ஐந்து மணிக்கு எழும்புவா என்று தெரியும். அதற்கு முன் போய்விட வேண்டும். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டிலிருந்து சொல்லாமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பாதி வழியிலேயே மூட்டம் தொடங்கிவிட்டது. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. குளத்தடியில் வண்டியை நிறுத்தியபோது ஏழரை. குளம் எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் கரையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. மகள், நீ முக்காலியை நட்டு, கமராவை ஏற்றி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்பது போல நின்றாய். உனக்குக் கொஞ்சம் மூட்டம் வேண்டியிருந்தது. வந்தது முழு மூட்டம். சூரியன் எப்போது வந்தது என்றே எங்களுக்குத் தெரியாது.

எட்டரை ஆனது. நான் காருக்கும் உனக்கும் இடையில் நடந்தேன். காலடியில் சேறு. உன் விரல்கள் சிவந்துபோயிருந்தன, என் கையுறையைத் தந்தேன், போட்டால் பட்டனை அமத்த முடியாது என்று திருப்பித் தந்தாய். ஒன்பது ஆனது. நீ முக்காலியின் காலை மடக்கத் தொடங்கினாய்.

"போவம் அப்பா. தம்பி வெயிட் பண்ணுவான்."

அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ கழன்றது. நான் உன் பதினொரு மாதத்தை அழித்தவன். நீ எனக்கு என் சொல்லைக் காப்பாற்றித் தரப் பார்க்கிறாய். நில், இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். ஒன்பதரைக்கு அம்மாவின் போனிலிருந்து தம்பி, நீ கூப்பிட்டாய். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாய். பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது. நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒன்றும் இல்லை.

"வெளிக்கிட்டிட்டம் அப்பு. வந்துகொண்டிருக்கிறம்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஹீ பிலீவ்ட் யூ, அப்பா" என்றாள். குற்றம் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

இதை நான் உன்னிடம் இதுவரை நேராகச் சொன்னதில்லை, தம்பி. நீ போன் எடுத்தபோது நாங்கள் வெளிக்கிடவில்லை. வெளிக்கிடுவதாகவும் நான் நினைக்கவில்லை. முருகா, ஒரு மரத்தையாவது காட்டு என்று அந்தக் கரையில் நின்று கேட்டேன். மேய்ஸ் ஹில் கோயிலில் இத்தனை வருடமாக நின்று நான் கேட்டவை எல்லாம் சேர்ந்தும் அந்தளவு கெஞ்சலாக இருந்திருக்காது.

பதினொரு மணிக்குக் கிட்ட மூட்டம் மேலே எழும்பியது. முதலில் தண்ணீர்தான் தெரிந்தது, பிறகு மரங்களின் கால்கள், பிறகு ஒவ்வொன்றாக இடுப்பு, கிளை. தலை மட்டும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை. ஒரு கிளையில் கறுப்பாக ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மகள், நீ தண்ணீருக்குள் சப்பாத்தோடு இறங்கிவிட்டாய். நான் மறிக்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். பிறகு வெயில் வந்து எல்லாம் சாதாரண மரமாகிவிட்டது. கிடைத்ததா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. காரில் ஏறின பிறகு நீ கமராத் திரையை என் பக்கம் திருப்பி ஒன்றே ஒன்றைக் காட்டினாய். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மணி பதினொன்றரை.

கிரெய்கிபர்ன் போய்ச் சேர இரண்டேகால். வாசலில் பெரியம்மா நின்றா.

"வாங்கோ. என்ர வீடென்ன மோட்டலோ, வந்து படுத்திட்டுச் சொல்லாமப் போக? செத்த மரம் பாக்க அவ்வளவு தூரம் ஏன் போனனீங்கள்? கேட்டிருந்தா என்ர கறிவேப்பிலையைக் காட்டியிருப்பன். அதுவும் குளிருக்குச் செத்துப்போய்த்தான் நிக்குது."

அதற்கு நான் சிரித்தேனா, மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை. பெரியம்மாவுக்குப் பின்னால், சப்பாத்துக் கழற்றுகிற சின்ன வாங்கில், தம்பி, நீ இருந்தாய். ஜாக்கெட் சிப்பைக் கழுத்து வரை இழுத்து, இந்தப் பயணத்துக்கென்று வாங்கின புதுச் சப்பாத்தைப் போட்டு, லேஸ் கட்டி. பதினொரு மணியிலிருந்து அப்படியே இருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை என்று அம்மா மெதுவாகச் சொன்னா. போன் வரைபடத்தில் இரண்டரை மணித்தியாலம் என்று நீயே பார்த்து, பன்னிரண்டுக்கு வருவார்கள் என்று நீயே கணக்குப் போட்டிருக்கிறாய்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம். நகரத்தில் இறங்கியபோது நாலு மணியாகப் போகிறது. மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிற நேரம் முடிந்துவிட்டது. உயரக் கட்டிடத்துக்கு வரிசை தெருவில் நின்றது. ட்ராமில் ஏறினோம். உதைபந்தாட்டம் விட்டு வந்த சனம். ஓட்டுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே உனக்குத் தெரியவில்லை, உன் முகம் யாரோ ஒருவருடைய கம்பளிக் கோட்டுக்குள் இருந்தது. உன்னைத் தூக்கிக் காட்டப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்க அங்கே இடமும் இல்லை, நீ தூக்க விடவும் இல்லை. மூன்று தரிப்பில் இறங்கிவிட்டோம். வெளியே இருட்டு.

திரும்பி வருகிற ரயிலில் அக்கா கமராப் பையைக் கையில் சுற்றிக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். அடுத்தமுறை கட்டாயம் கடைசித் தரிப்பு வரை போவோம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ எப்போதும் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாய். அன்றைக்குத் தமிழில் சொன்னாய்.

"நீங்கள் அக்காட அப்பா."

அழுது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னாய்.

திங்கள் முழுவதும் மழை. முல்வாலாப் பலகையைத் தாண்டும்போது வைப்பர் அடிக்கிற சத்தம் மட்டும்தான் காருக்குள் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மகள் அந்த இருபது நிமிடத்திலிருந்து ஒன்பது படங்களை எடுத்துச் செய்து ஒப்படைத்தாள். கிடைத்தது நல்ல பெறுபேறுதான், கண்டல் மரத்துக்கு அவள் எதிர்பார்த்திருந்த பெறுபேறு இல்லை. டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கமரா இப்போதும் மேசையில் இருப்பதில்லை, அவளுடைய அலுமாரிக்குள் இருக்கிறது. பெரியம்மா ஒரு வருடம் கழித்துத்தான் என்னோடு பழையபடி பகிடி விட்டா. தம்பியோடு அதற்குப் பிறகு மெல்பேர்ன் போகக் கிடைத்ததில்லை. ஒருமுறை போவோமா என்று கேட்டேன். பரவாயில்லை அப்பா, இப்போது ட்ராமில் அவ்வளவு ஆசை இல்லை என்றாய். அன்றைக்கும் நான் தேத்தண்ணி போடத்தான் போனேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போய்விட்டா. நீங்கள் இரண்டு பேரும் பள்ளி விடுமுறையென்று படுத்திருந்தீர்கள். எனக்கு மத்தியானம்தான் வேலை. வாசலில் சப்பாத்துகள் கிடந்தன. மகளின் சப்பாத்திலும் என்னுடையதிலும் குளத்துச் சேறு காய்ந்து சாம்பல் நிறமாகப் பிடித்திருந்தது. வாளியில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இரண்டு சோடியையும் தேய்த்துக் கழுவினேன். தண்ணீரை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

தம்பியின் சப்பாத்து ஒரு பக்கத்தில் தனியாக இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை, கடையில் ஒட்டின சின்ன விலைத்துண்டு பாதி கிழிந்தபடி இன்னும் இருந்தது. அதை நகத்தால் உரித்தேன். லேஸைக் கழற்றினேன். புதுத் தண்ணீர் கொண்டு வந்து, அந்தச் சோடியையும் அதே போலத் தேய்த்துக் கழுவி, மூன்று சோடியிலும் அதை மட்டும் முதலில் வெயில் படுகிற இடத்தில் காய வைத்தேன்.